தீவில் ஒரு நாள் கடற்கரை டூர்: முதலில் கடல் ஏற்றம் எத்தனை மணிக்கு என்று கேளுங்கள்

முழுநாள் கடற்கரை டூர் விளம்பரம் எதை எடுத்தாலும் கடற்கரைகளின் எண்ணிக்கைதான் கொட்டை எழுத்தில் இருக்கும். ஐந்து கடற்கரை, ஏழு கடற்கரை, நான்கு தீவு. எண் கூடக் கூட நல்ல டூர் என்று மனசு கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கை ஒரு முறை காகிதத்தில் போட்டுப் பாருங்கள்.

காலை 8 மணிக்கு வண்டி ஏறி மாலை 5 மணிக்கு இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9 மணி நேரம். மற்ற ஹோட்டல்களில் ஆள் ஏற்ற 45 நிமிடம், படகுத்துறையில் பேர் பதிந்து லைஃப் ஜாக்கெட் மாட்டிக் கிளம்ப 30 நிமிடம், சாப்பாட்டுக்கு ஒரு மணி, திரும்பி வந்து ஹோட்டல் ஹோட்டலாக இறக்கிவிட இன்னொரு 45 நிமிடம். மூன்று மணி நேரம் போய்விட்டது. மிச்சம் 360 நிமிடம். ஐந்து இடம் என்றால் போக, வர, இடையே என்று ஆறு ஓட்டம். ஓட்டத்துக்கு 25 நிமிடம் வீதம் 150. படகிலிருந்து இறங்கி ஏற இடத்துக்குப் 10 நிமிடம் வீதம் 50. மீதி 160 நிமிடத்தை ஐந்தால் வகுத்தால் ஓர் இடத்துக்கு 32 நிமிடம். செருப்பைக் கழற்றி, நாலு போட்டோ எடுத்து, காலை நனைத்துவிட்டு ஈரத் துண்டோடு திரும்ப ஏறத்தான் அது போதும். அதே டூரில் மூன்றே இடம் என்றால் ஓர் இடத்துக்கு 75 நிமிடத்துக்கு மேல் கிடைக்கும். ஒரு கடற்கரையில் இறங்கி, நீந்தி, உடம்பு காய்ந்து, சும்மா உட்கார்ந்து எழ அவ்வளவாவது வேண்டும்.

ஆனால் எண்ணிக்கைகூட இரண்டாம் பட்சம்தான். எந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போகிறோம் என்பதில்தான் அந்த நாளின் தலையெழுத்து இருக்கிறது. அதை எழுதுவது டூர் கம்பெனி இல்லை, கடல்.

ஏற்றமும் வற்றமும்

பவளப்பாறை சூழ்ந்த வெப்பமண்டலக் கடற்கரை ஒன்று ஏற்றத்தின்போது ஓர் இடம், வற்றத்தின்போது வேறோர் இடம். நீர் ஏறி நிற்கையில் பாறைக்கு மேல் ஆள் மட்டத் தண்ணீர் இருக்கும், படகு கரை வரை வரும், மணல் மட்டும் குறுகி மரத்தடி வரை ஒடுங்கியிருக்கும். வற்றிய பிறகு அதே இடத்தில் பவளம் தலை நீட்டும். தண்ணீர் முழங்காலைத் தாண்டாது. படகு தூரத்திலேயே நின்றுவிடும், கூரான கல்லிலும் வழுக்கும் பாசியிலும் நடந்துதான் கரை சேர வேண்டும்.

ஆகவே ஒவ்வொரு வகை இடத்துக்கும் தனித்தனி முகூர்த்தம் உண்டு. ஆழம் குறைந்த பவளப்பாறை மேல் ஸ்நார்க்கெல் செய்ய (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டிக் குப்புற மிதந்து பார்க்க) ஏற்றத்துக்கு முன்னும் பின்னும் ஒன்றரை மணி நேரம் நல்லது. அலையாத்திக் காட்டுக்குள் கயாக் போகவும் ஏற்றம்தான் வேண்டும். வற்றத்தில் போனால் சேற்றில் துடுப்பு ஊன்றித் தள்ள வேண்டியிருக்கும். கடல் நடுவே எழும் மணல்திட்டும், பாறை இடுக்குக் குட்டைகளில் ஒளிந்திருக்கும் நண்டும் நட்சத்திர மீனும் வற்றத்தில்தான் காணக் கிடைக்கும். ஏற்றத்தில் போனால் கைடு தண்ணீரைக் காட்டி, ‘இங்கேதான் திட்டு இருக்கும்’ என்று சொல்லக் கேட்கலாம்.

பெரும்பாலான கடற்கரைகளில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் ஒவ்வொரு நாளும் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகிறது. ஏழு நாளில் 350 நிமிடம், கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலை 9 மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த ஞாயிறு 9 மணிக்குக் கடல் வற்றிக் கிடக்கும். வாரத்தின் ஏழு நாளும் ‘9.00 ஸ்நார்க்கெல், 11.30 மணல்திட்டு’ என்று ஒரே நிரலை அச்சடித்து விற்கும் டூர், வாரத்தில் பாதி நாளாவது தப்பான நேரத்தில் தப்பான இடத்தில் ஆளை இறக்கிவிடுகிறது என்று தயங்காமல் சொல்லலாம்.

நீர் ஏறும் வேகமும் சீரானதில்லை. வற்றத்திலிருந்து ஏற்றம் வரையான ஆறு மணி நேரத்தைப் பன்னிரண்டு பங்குக் கணக்காகப் படகோட்டிகள் பிரிப்பார்கள்: முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாம் மணியில் இரண்டு, மூன்றிலும் நான்கிலும் மும்மூன்று, ஐந்தில் இரண்டு, ஆறில் ஒன்று. நடுவிலுள்ள இரண்டு மணி நேரத்தில் மட்டும் பாதித் தண்ணீர் இடம் மாறுகிறது. இரண்டு தீவுகளுக்கு இடையிலான கால்வாயிலும் பாறை வாய்களிலும் அப்போதுதான் நீரோட்டம் உச்சத்தில் இருக்கும். நீந்தத் தெரியாதவர்களோடு அங்கே இறங்கக் கூடாத நேரம் அது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய ஓரிரு நாள்களில் ஏற்றம் மிக உயரும், வற்றம் மிகத் தாழும். அஷ்டமியை ஒட்டி இரண்டும் மிதமாக இருக்கும். மணல்திட்டும் பாறைக் குட்டையும் பார்க்க ஆசைப்படுபவர் அமாவாசையையோ பௌர்ணமியையோ ஒட்டிப் போகலாம். குழந்தைகளோடு அமைதியாக நீந்த வேண்டும் என்றால் அஷ்டமிப் பக்கம் பார்ப்பது நல்லது.

எல்லாக் கடலும் இப்படி நடப்பதில்லை. தாய்லாந்து வளைகுடாவின் பல இடங்களில் நாளுக்கு ஒரே ஏற்றம்தான். தாஹிட்டியில் சந்திரனைவிடச் சூரியனின் இழுப்பே மேலோங்குவதால் ஏற்றம் தினமும் ஏறக்குறைய நண்பகலிலும் நள்ளிரவிலும் வரும், நாளுக்கு நாள் தள்ளிப்போவது இல்லை. கரீபியன் தீவுகளில் பெரும்பாலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் அரை மீட்டர்கூட வித்தியாசம் இராது. அங்கே ஏற்ற வற்றத்தைவிடக் காற்றைத்தான் கேட்க வேண்டும். தாய்லாந்தின் அந்தமான் கடலோரத்தில் இதற்கு நேர்மாறு, அமாவாசை நாள்களில் 2 மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும்.

காற்று விஷயம் இன்னும் எளிது. வெயில் ஏற ஏறத் தீவின் தரை சூடாகிக் கடலிலிருந்து காற்றை இழுக்கும். நண்பகலுக்கு மேல் அலை சிறுசிறு கொம்பாக எழும், தண்ணீர் கலங்கும், மேகம் மலையடிவாரத்தில் திரண்டு மூன்று நாலு மணிக்கு மழையாகவும் கொட்டலாம். ஸ்நார்க்கெலைக் காலையிலும் சும்மா கிடக்கும் கடற்கரையை மாலையிலும் வைப்பது இதனால்தான். பருவத்துக்குப் பருவம் காற்றின் திசை மாறும்போது தீவின் எந்தப் பக்கம் மறைவாக இருக்கிறது என்பதும் மாறும். ஆறு மாதம் முன்பு ஒருவர் கண்ணாடி போன்ற தண்ணீர் என்று புகழ்ந்த கடற்கரையில் இப்போது சிவப்புக் கொடி பறக்கலாம். கரீபியன் பக்கம் போகிறவர்கள் சர்காசம் பாசியையும் விசாரித்துவிட வேண்டும். 2011 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் அது கோடைக்காலத்தில் மூட்டை மூட்டையாக ஒதுங்குகிறது, பெரும்பாலும் காற்றடிக்கும் கிழக்குக் கரைகளில். அழுகினால் முட்டை கெட்ட நாற்றம் அடிக்கும்.

பணம் கட்டுவதற்கு முன்

கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு? அதை வைத்து முதலில் எங்கே போவோம்?’ டெஸ்கில் உட்கார்ந்து டிக்கெட் விற்பவருக்குத் தெரியாமல் இருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் படகோட்டியிடமோ கைடிடமோ போனில் கேட்டுச் சொல்ல அவர் முன்வர வேண்டும். ‘எப்போ போனாலும் சூப்பரா இருக்கும்’ என்றால் வேறு கடை பாருங்கள்.

அடுத்து, படகில் எத்தனை பேர், கைடு எத்தனை பேர், அந்தக் கைடு தண்ணீரில் கூட இறங்குவாரா என்று கேளுங்கள். மூன்றாவதுதான் பலரும் விடுவது. படகின் நிழலில் உட்கார்ந்து விசில் ஊதும் கைடும், மிதவை வளையத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தபடி குழுவுக்கு முன்னால் நீந்தும் கைடும் ஒரே விலைப்பட்டியலில்தான் இருப்பார்கள். எட்டுப் பேருக்கு ஒருவர் இருந்தால் நிம்மதி. இருபது பேருக்கு ஒருவர் என்றால் உங்களை நீங்களேதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடல் பொங்கினால் பணம் திரும்புமா, வேறு நாளா, அல்லது ‘மாற்று இடம்’ என்று ஏதாவது ஒரு குடாவில் இறக்கிவிடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தேசியப் பூங்கா நுழைவுக் கட்டணம் பல டூர்களில் சேர்த்தி இல்லை. அதைப் படகுத்துறையில் ரொக்கமாகக் கேட்பார்கள்.

விளம்பரப் படத்தை நம்பி இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தாய்லாந்தின் மாயா பே இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கூட்டத்தால் பவளம் சிதைந்து 2018 ஜூனில் மூடி, 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது படகுகள் குடாவுக்குள் நுழையக் கூடாது. தீவின் பின்புறத் துறையில் இறங்கி நடந்துதான் வர வேண்டும். நீந்த அனுமதி இல்லை, ஆகஸ்டும் செப்டம்பரும் முழுக்க மூடல். வெள்ளை மணலில் படகு மூக்கு முட்டி நிற்க, அதன்மேல் ஒருவர் கை விரித்து நிற்கும் படம் மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. பிலிப்பைன்ஸின் போராகாய் தீவையே 2018 ஏப்ரலிலிருந்து ஆறு மாதம் மூடி வைத்தார்கள். ஹவாயின் ஹனௌமா பே திங்களும் செவ்வாயும் மூடல், திறந்த நாளிலும் பாதுகாப்பு வீடியோ பார்த்த பிறகுதான் தண்ணீர். இப்படி ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு விதி உண்டு. பெயரைச் சொல்லி ‘அங்கே நீந்த விடுவார்களா’ என்றே கேட்டுவிடலாம்.

படகில்

ஸ்பீட் போட்டில் முன்மூக்கில் உட்கார எல்லோருக்கும் ஆசை. காற்று முகத்தில் அடிக்கும், படம் நன்றாக வரும். அலையில் படகு எகிறி விழும்போது அதிகம் தூக்கிப் போடுவதும் அந்த இடம்தான். முதுகெலும்பு அமுங்கி முறிந்த விபத்துகள் முன்பக்க இருக்கைகளில் நடந்திருக்கின்றன. முதுகுவலி உள்ளவர், கர்ப்பிணி, வயதானவர் பின்பாதியில் நடுப்பக்கமாக உட்கார வேண்டும். கர்ப்பிணிகள் ஸ்பீட் போட்டையே தவிர்ப்பது நல்லது, பல டூர்கள் ஏற்றுவதும் இல்லை. மெதுவாகப் போகும் பெரிய படகோ கேடமரானோ கிடைத்தால் அதுவே மேல்.

ஏறியவுடன் இருக்கைக்கடியில் பாருங்கள்: தலைக்கு ஒரு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா, குழந்தை அளவில் இருக்கிறதா? பெரியவர் ஜாக்கெட்டைக் குழந்தைக்கு மாட்டினால் தண்ணீரில் அது காதுவரை ஏறிவிடும், குழந்தை கீழே நழுவிவிடும். தொடைகளுக்கு இடையே போகும் பட்டை இருந்தால் தவறாமல் மாட்டுங்கள். படகு கிளம்பும் முன் யாராவது தலை எண்ணுகிறார்களா என்றும் கவனிக்கலாம். ஒவ்வோர் இடத்திலும் புறப்படும்போது எண்ண வேண்டியது கைடின் அடிப்படைக் கடமை. எண்ணாதவர் என்றால், பக்கத்து இருக்கைக்காரரோடு ‘ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம்’ என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

படகு குமட்டலுக்கான மாத்திரை குமட்டல் வந்த பிறகு வேலை செய்யாது. கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பு போட வேண்டும். தூக்கம் வரும் என்பதால் மருத்துவரிடம் கேட்டு, முடிந்தால் முந்தைய நாளே ஒன்று போட்டுப் பாருங்கள். மாத்திரையின் மயக்கத்தோடு ஸ்நார்க்கெல் செய்வதும், அதன்மேல் பீர் குடிப்பதும் ஆபத்து. வெறும் வயிறும் எண்ணெய்ப் பலகாரமும் இரண்டுமே குமட்டலைக் கூட்டும். போனைக் குனிந்து பார்க்காமல் தொடுவானத்தைப் பாருங்கள்.

வெயில் கணக்கு

வெப்பமண்டலத்தில் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது சாதாரணம். மேகமூட்டமான நாள்தான் அதிகம் ஏமாற்றும், மெல்லிய மேகம் சூட்டைத் தடுக்கும் அளவுக்குப் புற ஊதாக் கதிரைத் தடுக்காது. தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில்கூட மேற்பரப்பில் இருக்கும் புற ஊதாக் கதிரில் 40 சதவீதம் இருக்கும். குப்புற மிதந்து மீன் பார்ப்பவரின் முதுகும், கழுத்தின் பின்புறமும், முழங்கால் மடிப்பும் வெந்துபோவதற்கு அதுதான் காரணம்.

சன்ஸ்கிரீன் விஷயத்தில் எல்லோரும் தவறுவது அளவில்தான். பெட்டியில் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் பூசிச் சோதித்த எண். வளர்ந்த ஆளின் உடம்பு முழுக்க அப்படிப் பூச ஒரு தடவைக்குச் சுமார் 35 மில்லி வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை என்றால் 8 மணி நேரத்துக்கு நாலு தடவை, 140 மில்லி. குடும்பம் முழுக்க ஒரு 50 மில்லி ட்யூபைப் பகிர்ந்துகொண்டு ‘எஸ்பிஎஃப் 50 போட்டும் கறுத்துட்டோம்’ என்று சொல்வது ட்யூபின் தவறில்லை. அதனால்தான் முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை லெக்கிங்ஸும் எங்கள் முதல் பரிந்துரை. அப்புறம் முகம், காது, கழுத்து, புறங்கை, புறங்கால் மட்டும் பூசினால் போதும். தண்ணீரில் இறங்க 20 நிமிடம் முன்பே பூசி ஊற விட வேண்டும்.

சன்ஸ்கிரீனில் சேர்க்கும் ரசாயனங்களான ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் இரண்டும் பவளத்துக்குக் கேடு என்று பசிபிக் தீவு நாடான பலாவ் 2020 ஜனவரி முதல் அவை கலந்த சன்ஸ்கிரீனைத் தடை செய்தது, ஹவாய் 2021 ஜனவரி முதல் விற்பனையை நிறுத்தியது. துத்தநாக ஆக்சைடோ டைட்டானியம் டைஆக்சைடோ உள்ளதை வாங்கினால் வெள்ளையாகப் பூசினாற்போல் தெரியும், அவ்வளவுதான் குறை.

தண்ணீருக்குள்

ஸ்நார்க்கெல் என்றாலே மாஸ்க். டூர்க்காரர் கூடையில் நீட்டும் முதல் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு இறங்கிவிடாதீர்கள். பட்டையைப் போடாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து, மூக்கால் லேசாக உறிஞ்சி, கையை எடுங்கள். ஐந்து நொடி விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் உங்கள் முகத்துக்கு ஏற்றது. முடி ஒன்றிரண்டு விளிம்புக்கடியில் மாட்டினாலும் தண்ணீர் கசியும். மீசை உள்ளவர்களுக்குக் கொஞ்சம் கசிவு தலைவிதி. மேல் விளிம்பை விரலால் அழுத்தி, முகத்தைச் சற்று நிமிர்த்தி, மூக்கால் ஊதினால் உள்ளே சேர்ந்த தண்ணீர் கீழ்வழியாக வெளியேறிவிடும். கசிகிறது என்று பட்டையை இறுக்குவது வழக்கமான தவறு. இறுக்கினால் விளிம்பு வளைந்து இன்னும் கசியும், நெற்றியும் வலிக்கும். பட்டை காதுக்கு மேலே, பின்னந்தலையின் உயரமான பகுதியில் உட்கார வேண்டும்.

கண்ணாடி பனிக்காமலிருக்க உள்பக்கம் உமிழ்ந்து தேய்த்து, கடல்நீரில் ஒரு முறை அலசினால் போதும். அருவருப்பாக இருந்தால் ஒரு சொட்டுக் குழந்தை ஷாம்பு. நெற்றியில் சன்ஸ்கிரீன் தடவியிருந்தால் அது வழிந்து கண்ணையும் எரிக்கும், கண்ணாடியையும் மங்கலாக்கும். மாஸ்க் உட்காரும் இடத்தை மட்டும் துடைத்துவிடுங்கள்.

முகம் முழுக்க மூடும் மாஸ்க் மூக்காலும் மூச்சு விடலாம் என்பதால் புதியவர்களுக்குப் பிடிக்கும். எங்களுக்குப் பிடிக்காது. தரமில்லாதவற்றில் விட்ட மூச்சே உள்ளே தேங்கிக் கரியமில வாயு கூடும். தண்ணீர் புகுந்து பதறும் நேரத்தில் குழாயை மட்டும் துப்பிவிட்டு மூச்சுவிட முடியாது, மொத்த மாஸ்க்கையும் பிடுங்க வேண்டும்.

இடுப்பளவுத் தண்ணீரில் ஐந்து நிமிடம் பழகிவிட்டு ஆழத்துக்குப் போங்கள். முகத்தை மட்டும் முக்கி, குழாய் வழியாக நிதானமாக, ஆழமாக மூச்சு. குழாயில் தண்ணீர் ஏறினால் ‘தூ’ என்று துப்புகிற வேகத்தில் ஒரே ஊது. அடுத்த மூச்சை மெதுவாக இழுத்துப் பார்த்து மீதியை மறுபடி ஊதுங்கள். காலில் ஃபின் (நீந்த உதவும் துடுப்புக் காலணி) மாட்டிய பின் முன்னோக்கி நடக்காதீர்கள், பின்பக்கமாக நடந்து தண்ணீருக்குள் இறங்க வேண்டும். உதை இடுப்பிலிருந்து வரட்டும், சைக்கிள் மிதிப்பதுபோல் முழங்காலை மடக்கினால் களைப்புதான் மிச்சம்.

போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போய், திரும்பும்போது அதோடு வர வேண்டும். தலைகீழாகச் செய்பவர்கள்தான் களைத்த பிறகு எதிர்நீச்சல் போட நேர்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு முறை தலை தூக்கிப் படகு எங்கே என்று பாருங்கள், மீன் பின்னாலேயே போனால் தூரம் தெரியாது. ஹவாயில் நீரில் மூழ்கி இறக்கும் சுற்றுலாப் பயணிகளில் மிகப் பலர் ஸ்நார்க்கெல் செய்துகொண்டிருந்தவர்கள். சத்தம் போடாமல், கை ஆட்டாமல், அசையாமல் மிதப்பார்கள். பார்ப்பவருக்கு மீன் பார்ப்பதுபோலவே தோன்றும். எனவே துணையில்லாமல் இறங்கக் கூடாது. இதய நோய், ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் லைஃப் ஜாக்கெட்டோடு, கைடின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மூச்சு வாங்க ஆரம்பித்தால் உடனே மல்லாந்து படுத்து, குழாயை எடுத்துவிட்டுக் கை உயர்த்த வேண்டும்.

பவளத்தின்மேல் நிற்காதீர்கள் என்று எல்லாப் பலகையிலும் எழுதியிருக்கும். ஏன் என்பது அளவில் புரியும். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் வளர்வது அரிது. ஒரு மிதியில் உடைவது பல வருட வளர்ச்சி. அது கீறிய காயமும் லேசில் ஆறாது, நன்னீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துத் துகளை எடுக்காவிட்டால் சீழ் கோக்கும். மீனுக்கு ரொட்டி போடும் கைடு இருந்தால் தடுங்கள். பாறையில் பாசி மேயும் மீன்கள் பிச்சைக்குப் பழகிவிட்டால் பாசி பவளத்தை மூடிவிடும். அந்த வெள்ளை மணலிலேயே மீனின் பங்கு உண்டு. கிளிமீன் பாறையைக் கொறித்துத் தின்று, அரைத்து, மணலாகக் கழிக்கிறது. பெரிய மீன் ஒன்றே ஆண்டுக்கு நூற்றுக்கணக்கான கிலோ. காது தண்ணீருக்குள் இருக்கும்போது ‘கரக் கரக்’ என்று கேட்டால் அதுவாக இருக்கலாம்.

இழுவை நீரோட்டம் பற்றிக் கைடு சொல்லாவிட்டால் நீங்களே பார்க்கப் பழகுங்கள். அலை உடையும் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் நுரையில்லாமல், அமைதியாக, கொஞ்சம் கருத்த தண்ணீர் தெரியும். நீந்த அதுதான் நல்ல இடம் என்று தோன்றும். கரைக்கு வந்த தண்ணீர் அத்தனையும் கடலுக்குத் திரும்பும் வழி அது. பவளத்தால் சூழப்பட்ட கரையில் பாறைச்சுவரில் உள்ள இடைவெளி இதே வேலையைச் செய்யும், கடல் வற்றும்போது பலமாக. அமெரிக்க வானிலை அமைப்புகள் தரும் அளவின்படி வேகம் விநாடிக்கு 8 அடி வரை போகக்கூடும். ஒலிம்பிக் வீரரும் எதிர்த்து நீந்த முடியாது. அது ஆளைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மல்லாந்து மிதந்திருங்கள், கை காட்டுங்கள். தெம்பிருந்தால் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி நுரை தெரியும் இடத்துக்கு வந்து, அலையோடு கரை சேரலாம். கொடி விஷயத்தில் இரண்டு மட்டும் நினைவில் போதும்: சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடிகளுக்கு இடையேதான் காவலர் பார்வை இருக்கும், ஊதாக் கொடி என்றால் தண்ணீரில் கொட்டும் உயிரினம்.

கொட்டினால் என்ன என்பதில் ஊருக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். சிறுநீர், மணல் தேய்ப்பது, நன்னீர் ஊற்றுவது எல்லாமே தப்பு. பெட்டிச் சொறிமீனுக்கு (பாக்ஸ் ஜெல்லிமீன்) வினிகரை அரை நிமிடம் ஊற்றி, ஒட்டிய இழைகளைப் பிறகு எடுக்க வேண்டும். நீலப்பை போல் மிதக்கும் புளூபாட்டிலுக்குக் கடல்நீரால் கழுவி, பொறுக்கும் அளவு வெந்நீரில், சுமார் 45 டிகிரியில், 20 நிமிடம். திருக்கை முள், கல்மீன், கடல் முள்ளெலி மூன்றுக்கும் வெந்நீர்தான் முதலுதவி, பின் மருத்துவமனை. மூச்சுத் திணறல், மயக்கம், நெஞ்சு வலி எதுவும் வந்தால் வீட்டு வைத்தியத்தில் ஒரு நிமிடம்கூட வீணாக்கக் கூடாது. மணலடித் தரையில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் திருக்கை விலகிப்போகும். அழகான கூம்பு வடிவச் சங்கைக் கையில் எடுக்கவே வேண்டாம், உள்ளே நத்தை உயிரோடிருந்தால் அதன் முள் ஆளைக் கொல்லும் விஷம் உள்ளது. ஹவாயின் வைக்கிக்கி பக்கம் பெட்டிச் சொறிமீன்கள் பௌர்ணமி கழிந்து எட்டு முதல் பத்து நாளில் கூட்டமாகக் கரைக்கு வரும். அங்கே நாள் குறிக்கத் திதி பார்ப்பது மூடநம்பிக்கை இல்லை.

மிச்ச சில்லறை

சாப்பாட்டை அளவோடு நிறுத்துங்கள், மதியத்துக்குப் பிறகும் தண்ணீர் உண்டு. மது கடைசி இடம் முடிந்த பிறகு. குடிநீர் ஆளுக்கு 3 லிட்டர், கூட ஒரு பொட்டலம் உப்பு சர்க்கரைக் கரைசல் பொடி. காய்த்த தென்னையின் அடியில் துண்டு விரிக்காதீர்கள். கரீபியனில் சிறு பச்சை ஆப்பிள் போன்ற காய் காய்க்கும் மாஞ்சினீல் மரத்தின் அடியில் மழைக்குக்கூட ஒதுங்கக் கூடாது. இலையிலிருந்து சொட்டும் நீரே தோலைப் புண்ணாக்கும். பல இடங்களில் தண்டில் சிவப்புப் பட்டை அடித்து எச்சரித்திருப்பார்கள்.

போன் உறையில் முதலில் போனை வைக்காதீர்கள். காகிதத் துண்டை வைத்து அரை மணி வாளியில் முக்கிப் பாருங்கள். தண்ணீர் புகாது என்று விற்கப்படும் போனும் நன்னீருக்குத்தான் சோதிக்கப்பட்டது, உப்புநீர் பட்டால் கழுவிக் காய்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். மேல்வாயைச் சுருட்டி மூடும் பையை மூன்று சுற்றுக்குக் குறையாமல் சுருட்டுங்கள்.

வழியில் பேரம் பேசி ஏற்றும் ஜெட் ஸ்கீ வேண்டாம் என்பதே நம் கட்சி. எடுத்தே தீருவேன் என்பவர் கிளம்பும் முன் வண்டியின் நாலு பக்கமும் வீடியோ எடுத்துவிட வேண்டும், பழைய கீறலுக்குப் புது ஆள் பணம் கட்டுவது நடக்கிறது. பயிற்சி டைவ் என்று சிலிண்டர் கட்டி இறக்குவது உண்டு. மருத்துவக் கேள்வித்தாளைப் பொய்யாக நிரப்பாதீர்கள். ஒரே ஒரு டைவ் என்றாலும் அதன்பின் குறைந்தது 12 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது, ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம். ஸ்நார்க்கெலுக்கு இந்தத் தடை இல்லை.

அதனால் டூரைப் பயணத்தின் கடைசி நாளில் வைக்காதீர்கள். கடல் பொங்கி ரத்தானால் மாற்ற நாள் இருக்காது. இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ சரி. தங்கும் நாள்களுக்கான ஓத அட்டவணையை, அதாவது ஏற்ற வற்ற நேரப் பட்டியலை எடுத்து, காலை 9.30 முதல் 11 மணிக்குள் ஏற்றம் விழும் நாள் உண்டா என்று பாருங்கள். அன்றைக்குக் காற்று எழும் முன்பே பாறைக்கு மேல் நிறைந்த தண்ணீர் கிடைக்கும். சாப்பாட்டுக்குப் பின் நீர் வற்றிக்கொண்டே வந்து மாலை 4 மணி வாக்கில் மணல்திட்டு முழுசாகத் தலை காட்டும். நிலநடுக்கோட்டுப் பக்கம் சூரியன் இறங்கிய அரை மணியில் இருட்டிவிடும் என்பதால், திட்டிலிருந்து 5 மணிக்குள் படகு கிளம்புமா என்பதை மட்டும் கைடிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.